கடலில்லாத நாட்டிலிருந்து ஜொகூருக்கு

ஜொகூர் மாநிலத்தின் ஆக உயரமான இடம் குனோங் லேடாங் உச்சி, 1,276 மீட்டர். நேப்பாளத் தலைநகர் காட்மாண்டுவின் விமான நிலையமோ 1,338 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் மூச்சு வாங்க ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் உச்சியைவிட உயரத்தில் அங்கே விமானம் தரையிறங்குகிறது.

நேப்பாளம் என்றதும் காட்மாண்டு, எவரெஸ்ட் என்று இரண்டு பெயர்களோடு நம் மாணவர்களின் அறிவு நின்றுவிடுகிறது. ஆனால் தாமான் நுழைவாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் பாதுகாவலர் பெரும்பாலும் அந்நாட்டவர்தான். பாசிர் கூடாங், செனாய் தொழிற்சாலைகளில் நம் அண்ணன், அக்காள்மாருடன் ஒரே வரிசையில் நின்று வேலை செய்பவர்களிலும் அவர்கள் உண்டு. அவர்களை ‘ஜாகா’ என்கிறோம். சில வேளை ‘பங்ளா’ என்றுகூடச் சொல்லிவிடுகிறோம். பங்களாதேசம் வேறு நாடு என்பது நமக்குத் தெரியாததல்ல. அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்டின் நிலவியலைத் தெரிந்துகொண்டால், அவர் ஏன் இங்கே நிற்கிறார் என்பதும் பாதி விளங்கிவிடும். நேப்பாளத்தின் பரப்பளவு 147,516 சதுர கிலோமீட்டர். மலேசியாவில் பாதிகூட இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம். வடக்கே இமயமலை, அதற்கப்பால் சீனாவின் திபெத். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட உலகின் 14 சிகரங்களில் 8 இங்கேதான். நடுவே குன்றுகளும் பள்ளத்தாக்குகளும். தெற்கே, இந்திய எல்லையை ஒட்டி, தராய் எனப்படும் சமவெளி. அதன் சில பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லை. வியப்பு என்னவென்றால், மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வது இந்தச் சமவெளியில்தான். நீங்கள் சந்திக்கும் நேப்பாளியர் பனியையே தொட்டிராதவராகவும் இருக்கலாம்.

ஆனால் அந்நாட்டின் தலையெழுத்தில் பெரும்பங்கு வகிப்பது மலை அல்ல, கடல் இல்லாமைதான் என்பது என் கருத்து. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஜொகூரில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் என்று இரண்டு பெரிய துறைமுகங்கள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில். நேப்பாள எல்லை நகரான பீர்கஞ்சிலிருந்து கொல்கத்தா துறைமுகத்துக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து பட்டர்வொர்த் போகும் தூரம். அதுவும் இன்னொரு நாட்டின் மண்ணில், அந்நாட்டின் விதிகளுக்குட்பட்டு.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்? 1989-இல் இந்தியாவுடனான வர்த்தக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானபோது எல்லைச் சாவடிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 2015 ஏப்ரலில் பெரும் நிலநடுக்கம். ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அந்தக் காயம் ஆறுமுன்பே செப்டம்பரில் எல்லை முடங்கியது. இந்தியாதான் தடுத்தது என்றது நேப்பாளம். எல்லைப் பகுதி மக்களின் போராட்டமே காரணம் என்றது இந்தியா. யார் சொன்னது சரியாயினும் எரிபொருள், சமையல் எரிவாயு, மருந்து இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தவர்கள் சாதாரணக் குடும்பத்தார்.

‘சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லை, மலைதான், அது பணக்கார நாடாயிற்றே’ என்று கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதைச் சுற்றியிருப்பவை செல்வம் மிகுந்த சந்தைகள்; ரைன் ஆற்றில் பாசல் நகர் வரை சரக்குப் படகு வருகிறது. நேப்பாளத்தின் கோசி, கண்டகி, கர்ணாலி ஆறுகள் மின்சாரம் தரும், சரக்குக் கப்பலைத் தாங்கா. பொருளை வெளியே அனுப்புவது அரிதான நாடு ஆட்களை அனுப்புகிறது. அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமமான பணம், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புவது.

இங்கேதான் நமக்கும் பொறுப்பு வருகிறது. வேலைக்கு வருவதற்கே கடன்பட்டு வரும் நிலை பற்றிப் புகார்கள் பெருகியதால், 2018 மே மாதம் மலேசியாவுக்கு ஆள் அனுப்புவதை நேப்பாளம் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 29-இல், அப்போதைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் காட்மாண்டு சென்று புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விமானக் கட்டணம், விசா உள்ளிட்ட செலவுகளை முதலாளியே ஏற்க வேண்டும் என்றது அது. ஆனாலும் இடைத்தரகர்கள் பணம் பறிக்கும் செய்திகள் ஓய்ந்தபாடில்லை. கங்காணி முறையில் கடனோடு கப்பலேறிய கதைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம் இதைக் கண்டும் காணாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

1997 மே 23-இல் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்டில் மலேசியக் கொடியை நாட்டியதை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அவர்கள் ஏறியது நேப்பாளத்தின் பாதையில், ஷெர்பாக்களின் துணையோடு.

அடுத்த முறை காவலறையைக் கடக்கும்போது அந்த அண்ணனிடம் எந்த மாவட்டம் என்று கேளுங்கள். அங்கே 77 மாவட்டங்கள். இங்கே இரவு 10 மணி என்றால் அவர் வீட்டில் 7.45. அது என்ன கால் மணி நேரக் கணக்கு? நேப்பாளத்தின் நேரக் கோடு கிழக்கு 86 பாகை 15 கலை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பெருக்கிப் பாருங்கள்.