இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம் நண்பா!

ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, ரெண்டு தன்னம்பிக்கைக் கட்டுரை, கடைசியில் ஜோக்ஸ் என்று இருக்கும். நான் எழுத வந்ததோ பிரேக் ஷூவைப் பற்றி. பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! ஐப்பசி, கார்த்திகையில் காலை எட்டரை மணிக்கு நம் வண்டி ஸ்டாண்டில் நின்று பாருங்கள். சேறு படிந்த மட்கார்டு, முட்டி வரை நனைந்த பேண்ட், தலையில் மங்கி குல்லாவோடு வருகிறவர்கள் எல்லாம் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள். நானும் அதில் ஒருத்தன். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலையில் பைக் ஓட்டுவது என்றாலே நம் பசங்களுக்கு லடாக்தான். கடல் மட்டத்திலிருந்து 5,300 மீட்டருக்கு மேலே இருக்கிற கார்துங் லா கணவாய், அங்கே புல்லட்டில் போய் நின்று ஒரு போட்டோ. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே போகிறவன் ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் என்று வருஷக்கணக்கில் காசு சேர்த்து வாழ்க்கையில் ஒரு தடவை போகிறான். நம்ம ஊரில் காவலூர் சாலையில் ஒருவர் எக்ஸெல் வண்டியில் பின்னால் ஒரு மூட்டை புளி, முன்னால் ரெண்டு பலாப்பழம், தோளில் ஒரு யூரியா பை என்று வாரத்தில் மூணு நாள் இறங்குகிறார். அவரை யார் போட்டோ எடுத்தார்கள்?

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. இமயமலையில் கல்லாய் உறைந்து கிடப்பதும் பனி, நம்ம மார்கழிப் புல்லில் சொட்டுவதும் பனி. நடுவில் ஊட்டி. தை மாசம் விடியற்காலையில் வெளியே நிறுத்திய வண்டியின் சீட்டு மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். ஜவ்வாது மலையில் ரோடு உறையாது. நமக்கு வருவது மூடுபனியும் மழையும்தான். ஆனால் அது சொல்லிவிட்டு வராது. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் வெயில் அடிக்கும், காவலூர் ஏறுவதற்குள் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட் காணாமல் போய்விடும். தெளிந்த வானத்தை நம்பி, 725 மீட்டர் உயரத்தில், 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்த அதே காவலூர்தான்! வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் நட்சத்திரம் இருக்கட்டும், எதிரில் வருகிற லாரியே தெரியாது.

இந்த ரோட்டில்தான் நம் ஆட்கள் இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். எதற்கு? பெட்ரோல் மிச்சம்! என் கட்டுரையின் சண்டை இந்தப் பழக்கத்தோடுதான்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன், ஏனென்றால் எங்கள் அப்பாவும் அப்படித்தான் இறங்குவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் ஒரு மூட்டை சாமை எத்தனை மரக்கால் தேறும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். “இறக்கத்துல வண்டி தானா போவுது, அதுக்கு எதுக்குடா எண்ணெய் எரியணும்?” என்பது அவர் கேள்வி. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது கேட்காமல் என்ன செய்வார்? மரியாதையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் “தப்பு”ன்னு மட்டும் சொன்னால், படிச்ச திமிரு என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

ஆகவே கணக்காகவே பதில் சொல்லுவோம். வண்டி 110 கிலோ, ரெண்டு ஆள் 130 கிலோ, மொத்தம் 240. நானூறு மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வையுங்கள். முதல் வருஷ இயற்பியலில் படித்த நிலையாற்றல் சூத்திரத்தில் போட்டால் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் ஜூல். மூணு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது! காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எங்கே போகும்? கியரில் இருந்தால் இன்ஜின் பெரும்பங்கைத் தன்மேல் போட்டுக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் இருந்தால் எல்லாம் கையகல பிரேக் ஷூவின் தலையில்தான். டிரம் சூடேறச் சூடேற லைனர் பிடிப்பு குறையும். மேலே நல்லாப் பிடித்த பிரேக் கடைசி வளைவில் மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்கும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான். ஊட்டி கல்லட்டி மலைப்பாதையில், 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் முதல் ரெண்டு கியரில்தான் இறங்க வேண்டும் என்று எச்சரிக்கிறார்கள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பிறகு வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடே வந்தது.

சரி, மிச்சம் எவ்வளவு? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி பத்து கிலோமீட்டருக்குச் சமதரையிலேயே 200 மில்லிதான் குடிக்கும். இருபது ரூபாய். திராட்டிலை மூடிக்கொண்டு இறங்கினால் அதில் சிறு பங்குதான் செலவு. இன்னொரு விஷயம் கேளுங்கள், இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்கிற பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. இவற்றில் பல வண்டிகள், திராட்டிலை மூடி கியரில் இறங்கும்போது பெட்ரோல் விடுவதையே நிறுத்திக்கொள்ளும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது அல்லவா! நியூட்ரலில் ஓடவிட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தே ஆகவேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு செய்கிற கதை!

சாவியை அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பெரும்பாலான வண்டிகளில் சாவியோடு ஹெட்லைட், ஹாரன், பிரேக் லைட் மூன்றும் சேர்ந்தே போய்விடும். ஏ.பி.எஸ். இருந்தால் அதுவும் வேலை செய்யாது. மூடுபனியில் கண்ணும் இல்லை, குரலும் இல்லை. வளைவில் எதிரே ஏறி வருகிறவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

நின்று வருகிற தூரத்தையும் பார்த்துவிடுவோம். நனைந்த தாரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், யோசித்து பிரேக்கில் கை வைக்கிற ஒரு நொடியில் 11 மீட்டர், பிடித்து நிற்க இன்னொரு 16 மீட்டர், ஆக 27 மீட்டர். இருபதில் வந்தால் பத்து மீட்டருக்குள் நின்றுவிடலாம். லடாக்கில் ரோடு மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி இருக்கும்போது, அதே நாற்பதில் பிரேக் பிடித்த பிறகே 60 மீட்டருக்கு மேல் வழுக்கும். அந்தக் கொடுமை நமக்கு இல்லை. ஆனால் பதினைந்து மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 27 மீட்டரில் நிற்கிற வண்டியால் என்ன பிரயோஜனம்? பிரைட் போட்டால் வெளிச்சம் மூடுபனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், டிம்தான் சரி. தரைப்பாலத்துத் தண்ணீரைத் தாண்டினதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போக வேண்டும், டிரம்முக்குள் புகுந்த தண்ணி காயணும். முதல் மழை அன்று இன்னும் ஜாக்கிரதை. மாசக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் மழையில் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும்.

எக்ஸெல், ஸ்கூட்டி வைத்திருக்கிறவர்கள் “எங்களுக்கு கியரே இல்லையே” என்பீர்கள். உண்மைதான், உங்களுக்கு இன்ஜின் கொடுக்கும் பிடிப்பு குறைவு. அதனால் இன்ஜினை அணைக்காமல், ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து மெதுவாக வரணும். பாதி வழியில் வண்டியை ஓரம்கட்டிப் பத்து நிமிஷம் டிரம்மை ஆறவிடுங்கள். மூட்டை இருந்தால் கட்டாயம்.

“மலைப் பசங்களுக்கு வண்டி எதுக்கு, பஸ்ஸில் வரட்டுமே” என்று சில நண்பர்கள் சொல்வது காதில் விழுகிறது. பஸ் நேரத்துக்கு வந்தால் யாரப்பா மழையில் நனைவான்? காலை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போச்சு. வண்டி எங்களுக்கு ஸ்டைல் இல்லை, ஹால் டிக்கெட்!

பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம் கல்லூரியில் ஆட்டோமொபைல் பிரிவு இருக்கிறது, ஒர்க்ஷாப் இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கத் துடிக்கிற பசங்க இருக்கிறார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மலைவழி வரும் மாணவர்களின் வண்டிகளை வரிசையில் நிறுத்தி, டிரம்மைக் கழற்றி, ஷூ தேய்ந்திருக்கிறதா, கேபிள் பிரிந்திருக்கிறதா, டயர் வழுக்கையா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஷூ காசு அவரவர் கொடுக்கட்டும், கூலி நம்முடையது. மாணவர்களின் அப்பாக்களுக்கும் அன்று அழைப்பு வேண்டும். சூடேறிக் கருகின லைனரை அவர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டலாம். எங்கள் அப்பாவை அழைத்து வருவது என் பொறுப்பு.