ஒன்று நின்றால் மற்றொன்று

பிள்ளை இணைய வகுப்பில் இருக்கும்போதும், கடல் கடந்திருக்கும் கணவர் அழைக்கும்போதும் இணைப்பு அறுந்தால் வீடே தவித்துப் போகிறது. ஒரே வழியை நம்பியிருப்பதால் வரும் சங்கடம் இது.

ஃபைபர் இணைப்புக்குத் துணையாக ஒரு சிம் இணைப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டரில் ஃபைபரை முதலாவதாகவும், சிம்மை இரண்டாவதாகவும் குறித்துவிடுங்கள். சில விநாடிகளுக்கொரு முறை அது வெளியிலுள்ள ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். தொடர்ந்து பதில் வராவிட்டால் தானாகவே சிம்முக்கு மாறும். ஃபைபர் சரியானதும் திரும்பிவிடும். மாறும் நேரத்தில் பேச்சு அறுபடலாம். மீண்டும் அழைத்தால் போதும்.

சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். இல்லையேல் இரண்டும் ஒன்றாகவே விழுந்துவிடக்கூடும்.

மின்சாரத்தையும் மறந்துவிடாதீர்கள். பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்து வரும் மகாவலி நீரால் நம் உக்குவளை மின் நிலையம் 1976 முதல் இயங்குகிறது. ஆயினும் 2025 பெப்ரவரி 9 அன்று நாடெங்கும் மின்சாரம் நின்றபோது, மின் நிலையம் பக்கத்தில் இருந்தும் நமக்குப் பயனில்லை. எத்தனை இணைப்பு இருந்தென்ன, ரவுட்டருக்கு உயிர் வேண்டுமே! ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் பெட்டரியுள்ள சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி வையுங்கள்.

மாதம் ஒருமுறை, ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரைக் கழற்றிச் சோதியுங்கள். சிம்மில் டேட்டா மீதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சோதிக்காத துணை, அவசரத்தில் கைவிட்டுவிடும்.