சிவப்பு மாவட்டமும் பச்சை மாவட்டமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு வரைபடம் அனுப்பினார். அவர் வீடு பார்த்திருக்கும் கவுண்டி அதில் அடர் சிவப்பு. பக்கத்துக் கவுண்டி வெளிர் மஞ்சள். "டீச்சர், இந்த இடத்துல கேன்சர் ஜாஸ்தின்னு வீட்ல பயப்படறாங்க. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. என்ன பண்றது?" என்று கேட்டிருந்தார். அதே வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தமிழ்நாட்டில் எந்தெந்த மாவட்டத்தில் புற்றுநோய் அதிகம் என்று ஒரு பட்டியல் வந்தது. யார் எண்ணியது, எந்த ஆண்டு, எந்த வகைப் புற்றுநோய், எதுவும் அதில் இல்லை. இப்படி ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்த் தண்ணியே சரியில்லையாமே" என்று கைகூடி வந்த சம்பந்தத்தையே விட்டவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் அழுதார். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்வாரியாக, மாவட்டவாரியாகப் புற்றுநோயை எண்ணுவது மிக நல்ல காரியம். அது இன்னும் அதிகமாக நடக்க வேண்டும். ஆனால் அந்த எண்கள் வீடு வாங்கவும் பெண் பார்க்கவும் உண்டானவை அல்ல. எங்கே போய்த் தேட வேண்டும் என்று மருத்துவருக்கும் அரசுக்கும் வழிகாட்டுவதற்காக எண்ணப்பட்டவை.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் 1 கோடிப் பேர். டெக்சாஸில் லவ்விங் என்று ஒரு கவுண்டி, 2020 கணக்கெடுப்பில் அங்கே 100 பேர்கூட இல்லை. இப்படி 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள்.

இங்கேதான் முதல் சிக்கல். என்னிடம் படித்தவர்களுக்கு வருகைப் பதிவேடு ஞாபகம் இருக்கும். ஒரு வகுப்பில் 8 பிள்ளைகள், இன்னொன்றில் 50 பிள்ளைகள் என்று வையுங்கள். இரண்டிலும் அம்மை போட்டு ஆளுக்கு 2 பேர் வரவில்லை. பெரிய வகுப்பின் வருகை 96 சதவீதம். சின்ன வகுப்பு 75 சதவீதம். மறுவாரம் 8 பேரும் வந்துவிட்டால் சின்ன வகுப்பு 100 சதவீதம். மாதம் முழுக்கப் பலகையில் எழுதிப் பாருங்கள், முதல் இடமும் கடைசி இடமும் மாறி மாறிச் சின்ன வகுப்புக்கே போகும். அந்த வகுப்பு டீச்சரைப் பாராட்டவும் அதில் ஒன்றுமில்லை, திட்டவும் ஒன்றுமில்லை.

புள்ளியியல் அறிஞர் ஹோவர்ட் வெய்னர் இதையே சிறுநீரகப் புற்றுநோயை வைத்துக் காட்டினார். அமெரிக்காவில் அந்த நோய் மிகக் குறைவாக உள்ள கவுண்டிகள் பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்கள். நல்ல காற்று, புதுக் காய்கறி என்று நாமே காரணம் சொல்லத் தொடங்கிவிடுவோம். ஆனால் மிக அதிகமாக உள்ள கவுண்டிகளைப் பார்த்தால் அவையும் அதே மாதிரிக் கிராமப்புறங்கள்தான்! 500 பேர் உள்ள இடத்தில் ஒருவருக்கு வந்தால் விகிதம் வானத்துக்குப் போகும், யாருக்கும் வராவிட்டால் பூஜ்யம்.

இதனால்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து வெளியிடும் கவுண்டி அட்டவணையில் 16 பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணையே காட்டுவதில்லை. பல ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள். ஒவ்வொரு விகிதத்துக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். உண்மையான விகிதம் அநேகமாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று பொருள். நியூ ஜெர்சி மாணவரிடம் முதலில் அதைத்தான் பார்க்கச் சொன்னேன். வண்ணத்தை மட்டும் பார்க்காதே தம்பி, அடைப்புக்குறியைப் பார்.

அடுத்தது வயது. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. புளோரிடாவில் சம்டர் என்ற கவுண்டியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள், ஓய்வுக்காக வந்து குடியேறியவர்கள். அங்கே நோயாளிகளை வெறுமனே எண்ணினால் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வயதுக் கலவை இருப்பதாகக் கணக்கில் சரிசெய்து ஒப்பிடுகிறார்கள். அப்படிச் சரிசெய்யாத பட்டியல் எது வந்தாலும் அழித்துவிடுங்கள். இன்னொன்று, அமெரிக்கக் கவுண்டி எண்ணையும் இந்திய மாவட்ட எண்ணையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். வயதைச் சரிசெய்ய அவர்கள் எடுத்துக்கொள்ளும் மாதிரி மக்கள்தொகை வேறு, இங்கே எடுத்துக்கொள்வது வேறு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேடினால்தான் கிடைக்கும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு 547 கவுண்டிகளை எடுத்துக்கொண்டது. மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் பெண்களின் அளவு 10 சதவீதப் புள்ளி கூடிய இடங்களில், கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது ஒரு கவுண்டி சிவப்பாகத் தெரிவதற்கு அங்குள்ள பெண்கள் அதிகம் பரிசோதனை செய்துகொள்வதும் ஒரு காரணம். (இதைப் படித்துவிட்டுப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அவர்கள் பிரச்சினை கூடுதலாகத் தேடுவது. நம் பெண்கள் பலர் கட்டி பெரிதாகி வலித்த பிறகுதான் வாயே திறக்கிறார்கள்.) 2020-ல் அமெரிக்கா முழுவதும் புதிய புற்றுநோய் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. நோயா குறைந்தது? கொரோனாவுக்குப் பயந்து மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அப்படியானால் வரைபடமே பொய்யா என்றால், இல்லவே இல்லை. 1975-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1950 முதல் 1969 வரையிலான புற்றுநோய் மரணங்களைக் கவுண்டிவாரியாகப் படமாக வெளியிட்டது. ஜார்ஜியா போன்ற தென்கிழக்குக் கடலோரக் கவுண்டிகளில் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் அங்கேயே போய், நோய் வந்தவர்கள், வராதவர்கள் என்று இரு பிரிவாக வைத்து, என்ன வேலை பார்த்தார்கள், எவ்வளவு புகைத்தார்கள் என்று விசாரித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தவர்களுக்கு, புகைப்பழக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஆபத்து சுமார் 60 சதவீதம் கூடுதல். கப்பல்களில் பயன்படுத்திய ஆஸ்பெஸ்டாஸ் தூசி என்று சந்தேகம் போனது. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரிகிறது. போன வருடம் திறந்த ஆலையால் இந்த வருடம் புற்றுநோய் என்று சொல்பவர்கள் இந்த முப்பது ஆண்டுகளை யோசிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மூடிய ஆலையால் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களும் யோசிக்க வேண்டும்.

அதே படத்தில் தென்பகுதிக் கிராமப்புறப் பெண்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம். காரணத்தைத் தேடி வட கரோலினாவில் விசாரித்தார்கள். 1981-ல் முடிவு வந்தது. அங்கே பெண்கள் புகையிலைத் தூளை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் தலைமுறையாக இருந்தது. சிகரெட் பிடிக்காத வெள்ளைப் பெண்களில் இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்கு. பல்லாண்டுக் காலம் பயன்படுத்தியவர்களுக்கு ஈறு, கன்னப் புற்றுநோய் ஏறக்குறைய 50 மடங்கு. வெற்றிலை போட்டுப் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வயலுக்குப் போகும் நம் அத்தைகளையும் பாட்டிகளையும் நினைக்காமல் இதை என்னால் படிக்க முடியவில்லை.

இன்னொரு கவுண்டியையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற பாலத்துக்கு அக்கரையில் இருப்பது மரீன் கவுண்டி. வசதியானவர்கள், படித்தவர்கள் வாழும் இடம். 1990-களில் அங்கே மார்பகப் புற்றுநோய் விகிதம் மிக அதிகம். தண்ணீரில் ஏதோ இருக்கிறது, மண்ணில் ஏதோ இருக்கிறது என்று அங்கேயும் பேச்சுதான். ஆராய்ந்தபோது, ஏற்கெனவே தெரிந்த காரணங்களே பெரும்பகுதியை விளக்கின. முதல் குழந்தையைத் தாமதமாகப் பெற்றவர்கள், குறைந்த குழந்தைகள் அல்லது குழந்தையே இல்லாதவர்கள் அங்கே அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களும் அதிகம். 2002-ல் ஒரு பெரிய ஆய்வு, அந்தக் கூட்டு ஹார்மோன் மாத்திரை மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று சொன்னது. பெண்கள் கூட்டங்கூட்டமாக நிறுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் விகிதம் இறங்கியது, மரீனிலும் இறங்கியது. தண்ணீர் அதே தண்ணீர்தான்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள்தொகை அடிப்படையில் முதலில் எண்ணத் தொடங்கிய மூன்று நகரங்களில் சென்னையும் ஒன்று. அடையாறு புற்றுநோய் நிறுவனம் அதைப் பார்த்துக்கொண்டது. அதனால்தான் சென்னையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் விகிதம் அந்த நாளில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியதும், மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்ததும் நமக்குத் தெரிகிறது. எண்ணாமல் இருந்திருந்தால் இரண்டும் வெறும் ஊர்ப்பேச்சாகவே இருந்திருக்கும்.

2020-ல் வந்த தேசிய அறிக்கையில், ஆண்களில் மிக அதிக விகிதம் மிசோரத்தின் அய்சால் மாவட்டத்தில், லட்சத்துக்கு 269.4. மிகக் குறைவு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில், 39.5. ஏழு மடங்கு வித்தியாசம், அதுவும் வயதைச் சரிசெய்த பிறகு. மிசோரத்தில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம், புகையிலைப் புகையைத் தண்ணீரில் ஏற்றி வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம்கூட உண்டு. அதனால் அந்த உயர்வில் உண்மையான பங்கு இருக்கிறது. ஆனால் குறைவான மாவட்டத்தைப் பார்த்து ஆஹா, ஆரோக்கியமான ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கை முறையால் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கண்டுபிடிக்கப்படாமலே போனவர்களும் அந்தக் குறைவுக்குள் இருக்கலாம். "வயித்து வலியில போய்ட்டாரு" என்று சொல்லி அடக்கம் செய்த எத்தனை பேரை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம்? அவர்கள் எந்தப் படத்திலும் சிவப்பு இல்லை. அந்த அறிக்கை வந்தபோது நாட்டு மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் இப்படிப்பட்ட பதிவேடுகளுக்குள் வந்திருந்தார்கள். பச்சை மாவட்டம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கவலையற்று இருப்பதுதான், சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதைவிட எனக்குக் கவலை தருகிறது.

ஆலைக் கழிவு பற்றிச் சந்தேகம் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்க ஊர்ல கேன்சர் ஜாஸ்தி" என்று மட்டும் மனுக் கொடுக்காதீர்கள். எந்த உறுப்பில், எந்த வயதில், எந்த ஆண்டில், எத்தனை ஆண்டு அந்த ஊரில் இருந்தார், என்ன வேலை என்று எழுதிக்கொண்டு போங்கள். பத்துப் பேருக்குப் பத்து விதமான புற்றுநோய் என்றால் பொதுவாக ஒரே காரணம் இருக்க வாய்ப்புக் குறைவு. அரிதான ஒரே வகை திரும்பத் திரும்ப வந்தால், விசாரணை கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, விடாதீர்கள்.

கடைசியாகத் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையில் ஒரு கிராமப்புறப் பதிவேடு இருக்கிறது. 2000-க்குப் பிறகு அந்த மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். வினிகரில் இருப்பதே அந்த அமிலம். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. புற்றுநோயாக மாறக்கூடிய புண் இருந்தால் அதை உறையவைத்து அகற்றினார்கள். வேறு கிராமங்களை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, அதனால் வரும் மரணம் 35 சதவீதம் குறைவு. மார்பகத்தில் தேடினால் எண் கூடும் என்று மேலே சொன்னேன். இங்கே தேடியதால் குறைந்தது, ஏனென்றால் நோயாக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள். ஒரே மாவட்டத்துக்குள் கிராமத்துக்குக் கிராமம் இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது மண்ணும் தண்ணீரும் இல்லை, வீடு தேடி வந்து அழைத்த ஒரு செவிலியர்.

அந்தப் பரிசோதனை இப்போது நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசம். என்னிடம் படித்த பெண் பிள்ளைகளில் பலர் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். கூச்சப்படாமல் போங்கள், மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். போய்வந்தவர்கள் கீழே கருத்துப் பகுதியில் "போனேன் டீச்சர்" என்று ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.