கணக்கு யார் கையில்?



பிரித்தானியாவில் இயங்கும் எமது ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் முகநூல் பக்கத்தை இன்றிரவு திறந்து, கடந்த ஓராண்டுப் பதிவுகளைப் பொறுமையோடு பாருங்கள். மங்கல விளக்கேற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், தலைவர் உரையாற்றும் படம், தலைவர் உரையாற்றுவதைச் செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கும் படம். கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்த்துக் கூறியிருப்பார்கள். அவர்களிடையே யாரோ ஒருவர், "சென்ற ஆண்டு சேர்த்த நிதியில் ஊர்ப் பாடசாலைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டிருப்பார். அக்கேள்விக்கு மறுமொழி இருக்காது. மறுநாள் பார்த்தால் கேள்வியே இருக்காது.

அழிக்கப்பட்ட அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

"எங்களுக்கு வயது போய்விட்டது, இதெல்லாம் பிள்ளைகளின் வேலை" என்பது எமது செயற்குழுக்கள் வழமையாகக் கூறும் சாக்கு. இதனை நான் ஏற்கமாட்டேன். 1990களிலேயே, தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்ட காலத்திலேயே, இணையத்தளம் அமைத்துச் செய்தி பரப்பியவர்கள் நாம். இன்றும் ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒஸ்லோ முதல் மெல்பேர்ண் வரை வட்ஸ்அப்பில் அறிவிப்பவர்களும் இதே பெரியவர்கள்தாம். எனவே குறை தொழில்நுட்ப அறிவில் இல்லை. அறிவிப்பதற்கு ஆயத்தமாக இருக்கும் நாம், கேட்கப்படுவதற்கு ஆயத்தமாக இல்லை. சமூக ஊடகத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்கின்றோமே, உண்மையில் எமக்குப் பிடிக்காதது அதிலே மற்றவரும் பேசலாம் என்பதுதான்.

எமது பதிவுகளின் உருவத்திலேயே இந்த மனப்பாங்கு தெரிகின்றது. நாம் இடுவன பெரும்பாலும் எழுத்துகள் அல்ல, எழுத்துகளின் படங்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. எம்மவரிற் பலர் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுப் பழகியவர்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தது. அஃது இல்லாத கணினியில் எமது செய்தி பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஆகவே செய்தியைப் படமாக்கி அனுப்பும் வழக்கம் உண்டானது. அன்று அது நியாயமான வழி. ஆனால் ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. இன்று எந்தக் கைபேசியிலும் நேரே தமிழில் எழுதலாம். ஆயினும் வண்ணப் பின்னணி, நான்கு பேரின் தலைப்படம், எட்டு அனுசரணையாளரின் சின்னம் ஆகியவற்றின் நடுவே, திகதியும் மண்டபத்தின் பெயரும் கடுகளவு எழுத்தில் ஒளிந்திருக்கும் துண்டுப்பிரசுரத்தையே இன்னமும் இடுகின்றோம். பார்வைக் குறைபாடு உடையவருக்குப் பதிவுகளை வாசித்துச் சொல்லும் மென்பொருள், அப்படத்தினுள் இருக்கும் தமிழை ஒழுங்காக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. புதிதாக ஹறோவுக்கோ ஈஸ்ற்ஹாமுக்கோ குடிவந்த ஒரு தாய், தன் பிள்ளைக்குத் தமிழ் வகுப்புத் தேடினால் தேடுபொறியிலும் அது அகப்படாமற் போகும். படத்தோடு நான்கு வரி எழுத்தும் இடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாதிருப்பது, ஏற்கனவே எம்மை அறிந்தவர்களுக்கு மட்டுமே நாம் பேசுகின்றோம் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம்.

நான் பல ஆண்டுகள் தொண்டாற்றிய ஒரு வார இறுதித் தமிழ்ப் பாடசாலையின் கதையைச் சொல்கின்றேன். பெயர் வேண்டாம். பெயரை மாற்றினால் பல பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். 2009 இல் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் சொந்த மின்னஞ்சலைக் கொண்டு பாடசாலைக்கு முகநூற் பக்கம் ஒன்றைத் திறந்து தந்தான். நாம் முதுகிலே தட்டிப் பாராட்டினோம். கடவுச்சொல் என்ன, வேறு யாரிடம் இருக்கின்றது என்று எவரும் கேட்கவில்லை. அவன் பல்கலைக்கழகம் சென்றான், தொலைபேசி இலக்கம் மாறியது, பழைய மின்னஞ்சலும் கைவிட்டுப் போனது. 2017 இல் பாடசாலை வேறு மண்டபத்துக்கு மாறியபோது முகவரியைத் திருத்த எவராலும் இயலவில்லை. அதன் பின்னரும் புதிய பெற்றோர் சிலர், சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு பழைய மண்டபத்தின் பூட்டிய கதவின் முன்னே நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவேயில்லை என்பதை எவர் அறிவார்? செயற்குழு கண்ட தீர்வு, இன்னொரு பக்கம் திறப்பது. இப்போது அப்பாடசாலைக்கு மூன்று பக்கங்கள் உள்ளன.

அந்த மாணவனில் எள்ளளவும் பிழை இல்லை. வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் வேண்டும் என்று யாப்பில் எழுதி வைத்த நாம், ஊர் முழுதும் பார்க்கும் கணக்கை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் சட்டைப் பையில் விட்டுவிட்டோம். பக்கத்துக்கு மூன்று நிருவாகிகளேனும் இருக்க வேண்டும். பதிவு மின்னஞ்சல் அமைப்புக்குரியதாக இருக்க வேண்டும். யாரிடம் என்ன பொறுப்பு என்பது கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டு, ஒவ்வோர் ஆண்டும் புதிய செயற்குழுவிடம் கையளிக்கப்பட வேண்டும். இவ்வளவுதான்.

இது எனது விருப்பம் மட்டுமன்று. சரிற்றி கொமிஷன் என்று நாம் அழைக்கும், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான அறக்கட்டளைகள் ஆணைக்குழு, 2023 செப்ரெம்பரில் சமூக ஊடகம் பற்றிய வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் எந்த அறக்கட்டளைக்கும் அதற்கென ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கின்றது. அறங்காவலர்கள் வல்லுநர்களாக இருக்கத் தேவையில்லை, நாளாந்தப் பதிவுகளை மேற்பார்வையிடவும் தேவையில்லை, ஆனால் பொறுப்பு அவர்களுடையதே. பக்கத்தில் அமைப்பு எழுதுவது, மற்றவர்கள் வந்து எழுதுவது, அமைப்போடு அடையாளப்படுத்தப்பட்டவர்கள் தமது சொந்தக் கணக்கில் எழுதுவது ஆகிய அனைத்தினாலும் வரக்கூடிய கேட்டை அவர்கள் சிந்தித்திருக்க வேண்டும். பதிவு பெற்ற எமது அமைப்புகளுள் எத்தனையின் செயற்குழுக்கள் இதனை வாசித்துள்ளன?

கேள்விக்கு அஞ்சாத ஓர் அமைப்பு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு இந்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1824 இல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. எனும் உயிர்காப்புப் படகு நிறுவனம், பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டே கடலில் உயிர்களைக் காத்து வருகின்றது. ஆங்கிலக் கால்வாயில் சிறு படகுகளில் வரும் அகதிகளைக் காப்பாற்றுவதற்காக, 2021 யூலையில் அது கடுமையாகத் தாக்கப்பட்டது. அகதிகளுக்கு வாடகைக் கார் ஓட்டும் நிறுவனம் என்று ஏளனம் செய்தார்கள். நிறுவனம் பதுங்கவில்லை. மீட்புப் பணியின் ஒளிப்பதிவை வெளியிட்டது, தொண்டர்களைப் பேச விட்டது, கடலில் ஆபத்தில் இருக்கும் எவரையும் காப்பதே தன் கடமை என்று வெளிப்படையாகச் சொன்னது. வழமையாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 பவுண்ஸ் வரை இணையவழி வந்துகொண்டிருந்த நன்கொடை, ஒரே நாளில் 200,000 பவுண்ஸைத் தாண்டியது. படகிலே ஏறி உயிர் தப்பிய உறவினரை உடைய எமக்கு, இக்கதை இரட்டிப்பு நெருக்கமானது.

இதே நிறுவனம் 2017 இன் தொடக்கம் முதல், தம்மைத் தொடர்புகொள்ள முன்கூட்டியே சம்மதித்தவர்களை மட்டுமே நன்கொடைக்காக அணுகுவது என்று முடிவு செய்திருந்தது. நாமோ திருமண வீட்டில் பெற்ற இலக்கங்களையெல்லாம் கேளாமலே ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்க்கின்றோம். இருநூறு பேரின் தொலைபேசி இலக்கம் இருநூறு பேருக்கும் தெரிகின்றது. காலை வணக்கப் பூப்படங்களின் கீழே நிதி வேண்டுகோள் புதைந்து போகின்றது. பிறகு, சனம் உதவுவதில்லை என்று சலித்துக்கொள்கின்றோம்.

உதவாத சனமா இது? 2004 ஆழிப்பேரலையின்போது கையில் இருந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்த மக்கள் நாம். இப்பொழுது கொடுக்கத் தயங்குபவர்கள் கருமிகள் அல்லர். சென்ற முறை கொடுத்தது என்னவானது என்று அறியாதவர்கள். ஒரு பதிவு இவ்வாறு இருக்கட்டும்: சேர்ந்தது 8,400 பவுண்ஸ்; மண்டபத்துக்கும் உணவுக்கும் 2,150; பாடசாலைக்கு அனுப்பியது 6,000; கையிருப்பு 250; பற்றுச்சீட்டின் படம் கீழே. இதனை அழகாக வடிவமைக்கவும் தேவையில்லை. ஐம்பது பொன்னாடைப் படங்கள் ஈட்டாத நம்பிக்கையை இந்த நான்கு எண்கள் ஈட்டும். உணவுச் செலவு கூடிவிட்டது என்று எவராவது குறை சொன்னால் சொல்லட்டும். மறுமொழி எழுதுவோம்.

சொல்வதற்கு எம்மிடம் எதுவும் இல்லை என்பாரும் உளர். றெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகம் 2018 ஏப்பிரலில், தன் சேகரிப்பில் இருந்த ஒரு கொழுத்த செம்மறிக் கடாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு குறும்பான வரியோடு ருவிற்றரில் இட்டது. 100,000 இற்கு மேற்பட்டோர் விரும்பினர். ஒரு கடாவுக்கே இத்தனை என்றால், எமது பாடசாலை அலுமாரிகளில் கிடக்கும் 1980களின் விளையாட்டுப் போட்டிப் படங்களும் கையெழுத்துச் சஞ்சிகைகளும் என்ன பாவம் செய்தன?

கடை வைத்திருப்போருக்கும் சில சொற்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், "இன்று காலை விளைமீனும் முருங்கைக்காயும் வந்தன, இடியப்பம் மூன்று மணிக்கு" என்று மட்டும் வட்ஸ்அப்பில் எழுதுவார். விலையையும் எழுதுவார். கேட்போருக்கு அன்றே மறுமொழி அனுப்புவார். அந்த ஒரு வரிக்காக அவர் கடையைத் தேடிப் போகின்றவர்களில் நானும் ஒருவன். சிறு வணிகத்துக்கென்றே வட்ஸ்அப் பிஸ்னஸ் எனும் இலவசச் செயலி 2018 முதல் இந்நாட்டில் கிடைக்கின்றது. பொருட்பட்டியல் இடலாம், கடை பூட்டியிருக்கும் நேரத்துக்குத் தானியங்கி மறுமொழி வைக்கலாம். ஆனால் எம்மவர் பலர் செய்வது வேறு. ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது என்று வாடிக்கையாளர் ஒருவர் கூகிளில் எழுதிவிட்டால், மருமகன் முதல் மைத்துனி வரை அனைவரையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் குத்துவிக்கின்றார்கள். 2025 ஏப்பிரல் 6 முதல் போலி மதிப்புரை இடுவதும் இடுவிப்பதும் இந்நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்ட செயல்கள். சட்டத்தை விடுங்கள். "மன்னிக்கவும், அன்று அடுப்பு பழுதாகிவிட்டது, மீண்டும் வாருங்கள்" என்று ஒரு வரி எழுத ஏன் நா எழுவதில்லை? வாசிப்பவர்கள் முறைப்பாட்டை மட்டும் பார்ப்பதில்லை, கடைக்காரரின் குணத்தையும் பார்க்கின்றார்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். முகநூல் எமது காணி அன்று, குத்தகை நிலம். 2018 சனவரியில், நண்பர்களதும் குடும்பத்தினரதும் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அந்நிறுவனம் முறையை மாற்றியது. அமைப்புகளின் பதிவுகள் பின்தள்ளப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4 ஆம் நாள் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. எமது முதலாம் தலைமுறை இணையத்தளங்கள் பல குடியிருந்தது போன்ற இலவச இடமாகிய ஜியோசிற்றீஸ், 2009 இல் ஒரேயடியாக மூடப்பட்டதை மறந்தா போனோம்? சொந்தமாக ஓர் இணையத்தளமும், சம்மதம் பெற்ற மின்னஞ்சற் பட்டியலும் எந்த அமைப்புக்கும் வேண்டும்.

இனி இளையோரிடம் வருகின்றேன். நிதி சேகரிப்பு முடிந்த பின் பற்றுச்சீட்டுகளையும் பதிவிடலாமே என்று கேட்ட ஒரு மாணவிக்கு, என் காது கேட்கப் பொருளாளர் சொன்ன பதில் இது: "பிள்ளை, அது உமக்குத் தேவையில்லாத விடயம். நீர் படத்தை மட்டும் போட்டுவிடும்." அவர் அடுத்த மாதம் வரவில்லை. இன்று வேறொரு தொண்டு நிறுவனத்தின் சமூக ஊடகப் பிரசாரத்தை அவரே நடத்துகின்றார். பிள்ளைகள் தமிழ்ச் சமூகத்தை விட்டு விலகுகின்றார்கள் என்று மேடைதோறும் அழுகின்றோமே, அந்தக் கூட்டத்தில் நானும் வாய் மூடி இருந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கின்றேன்.

இளையோரே, நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நிறுவனமாகவோ கூட்டிணைக்கப்பட்ட அறநிறுவனமாகவோ பதிவான அறக்கட்டளையில் 16 வயதிலேயே அறங்காவலராகலாம். ஏனைய வடிவ அறக்கட்டளைகளில் 18 வயதில் ஆகலாம். படம் ஏற்றுபவராக மட்டும் இருக்க உடன்படாதீர்கள். செயற்குழுவில் இடம் கேளுங்கள், வாக்குரிமையோடு கேளுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த பொதுச்சபைக் கூட்டத்துக்கு நீங்களும் செல்லுங்கள். பக்கத்தின் நிருவாகிகள் யார், கடவுச்சொல் எத்தனை பேரிடம் உள்ளது, பிள்ளைகளின் படங்களை இடுவதற்கு யாரிடம் சம்மதம் பெறப்பட்டது, கடந்த ஆண்டின் வரவு செலவு ஏன் பதிவிடப்படவில்லை, கேட்ட கேள்வியை அழித்தது யார் என்று எழுந்து நின்று கேளுங்கள். செயலாளர் தரும் பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்படும்வரை உட்காராதீர்கள்.