கண் கெடுமுன் சூரிய நமஸ்காரம்

2025 நவம்பர் கடைசியில் நாடு முழுக்கப் பல விமானங்கள் லேட். "ஒரு சாப்ட்வேருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நம்ம ஹாஸ்டலிலேயே சிலர் கேட்டாங்க. ஆமாம், அதுக்குத்தான். அதுதான் சரி என்பேன்.

அக்டோபர் 30-ல் அமெரிக்கா நோக்கிப் பறந்த ஜெட்புளூவின் ஏர்பஸ் ஏ320, பைலட் இயக்காமலே திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்தது. சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. எலிவேட்டரையும் எய்லரானையும் ஆட்டுவிக்கும் 'எலாக்' கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் விழுந்தது. கடுமையான சூரியக் கதிர்வீச்சு அதிலுள்ள டேட்டாவைக் கெடுக்கலாம் என்றது ஏர்பஸ். உடனே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவு போட்டது: சரிசெய்யாமல் பயணிகளை ஏற்றக்கூடாது! உலகெங்கும் சுமார் 6,000 விமானங்கள். நம்ம டி.ஜி.சி.ஏ.வும் கட்டாயமாக்கியது. இண்டிகோவில் மட்டும் 200. பெரும்பாலானவற்றில் செய்த வேலை என்ன தெரியுமா? பழைய சாப்ட்வேரையே திரும்ப ஏற்றியதுதான்! சில மணி நேர வேலை. (புதுசெல்லாம் ஒசத்தின்னு நினைக்கிறவங்க கவனிக்க!)

2018 அக்டோபரில் லயன் ஏரின் போயிங் 737 மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அப்போது என்ன செய்தார்கள்? பைலட் கையேட்டில் குறிப்புச் சேர்த்தார்கள். சாப்ட்வேர் திருத்தம் அப்புறம் வருமாம். கோளாறு மெஷினில், புத்திமதி மனுஷனுக்கு! 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர் போன பிறகுதான் அந்த ரகத்தையே நிறுத்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இந்தத் தடவை ஒருவர்கூடச் சாகுமுன்னே நிறுத்திட்டாங்க. இண்டிகோவின் 200-ம் ஓரிரு நாளில் முடிந்தது. ராத்திரி கண்விழித்து முடித்துக் கொடுத்தவங்க, நம்மைப் போல டூல்ஸ் பிடித்த மெயின்டனன்ஸ் ஆட்கள்தான்.