ஜனாஸா வண்டி என்று சிரித்தவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்கப் போகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கார் விற்கப் போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை ஆசிரியர் அறையில் ஒரு தம்பி கேட்டார். மூன்று பிள்ளைகள், கூடவே உம்மா. மாதம் ஒரு தடவை கண்டிக்கு கிளினிக். "ஸேர், ஹைபிரிட் வேகன் ஒன்று பார்க்கட்டா?" அவர் கேட்டு முடிக்கவில்லை, பக்கத்துக் கதிரையிலிருந்து ஒருவர் சொன்னார்: "என்ன மச்சான், ஜனாஸா வண்டியா வாங்கப் போறாய்? கொஞ்சம் கூடப் போட்டு ஜீப் மாதிரி ஒன்றை எடு." எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அதற்குப் பிறகு வேகன் கதையை அவர் எடுக்கவேயில்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சிரிப்புக்கு நானும் ஒரு தடவை பயந்தவன். அதற்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. நாட்டில் இருந்த பழைய கார்களுக்கெல்லாம் தங்கத்தின் விலை. இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு இன்னும் ஏறும் என்ற அவசரத்தில், 2021இல் நான் ஒரு ஹைபிரிட் ஜீப் வகைக் காரை எடுத்தேன். பெயர் வேண்டாம், விற்றவர் பெயரும் வேண்டாம். வேகன் ஒன்றும் அதே நேரம் பார்த்திருந்தேன். அது வீட்டுக்குப் பொருத்தம், இது தெருவுக்கு எடுப்பு. நான் தெருவைக் கேட்டேன்.

மூன்றாவது கிழமை. உம்மாவைக் கண்டிக்குக் கொண்டுபோகிறோம். அம்பாறை, மஹியங்கனை கடந்து ஹசலக்க தாண்டிப் பதினெட்டு வளைவு ஏற்றம். பாதி ஏற்றத்தில் மீற்றரில் சிவப்பு முக்கோணம். காருக்கு இழுவையில்லை. ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, ஒரு மணித்தியாலம் நின்றோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹை உருட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. அன்றைய கிளினிக் தவறிப்போனது.

கண்டியில் ஒரு கராஜில் ஸ்கேன் பண்ணிய பையன் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், இதுக்கு முந்தி கோட் அழிச்சிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருந்தது. நடுவில் நின்ற புரோக்கருக்கும் தெரிந்திருந்தது. பார்த்துக் கொடுத்த கராஜ்காரருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் ஜும்ஆவில் எனக்குப் பக்கத்து வரிசையில் நிற்பவர்கள்.

ஊரில் இதற்கு ஒரு முடிவு ரெடியாக இருக்கிறது: "ஹைபிரிட் என்றால் அப்படித்தான். பெட்டரி போனால் கார் இரும்புக்குத்தான்." இது சோம்பேறித்தனமான முடிவு. அதைவிட மோசம், குற்றம் செய்தவனைத் தப்பவிட்டு இயந்திரத்தின் தலையில் பழியைப் போடுகிற முடிவு.

ஹைபிரிட் பெட்டரி எப்படிச் சாகிறது என்று பாருங்கள். ஃபீல்டர், எக்சியோ, அக்வா போன்ற டொயோட்டாக்களில் பின்சீட்டுக்கு அடியில் 20 மொடியூல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. அவற்றைக் குளிர வைப்பது ஒரு சின்ன விசிறி. அது காருக்குள் இருக்கும் காற்றைத்தான் பின்சீட்டின் ஓரத்து வலைக்கண் வழியாக இழுக்கிறது. நாம் அந்த வலைக்கண்ணின் மேல் பிள்ளையின் புத்தகப் பையை வைக்கிறோம், அபாயாவை மடித்து வைக்கிறோம். கடற்கரை மணலும் சீட்டுத் தூசும் சேர்ந்து விசிறியை அடைக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திவிட்டு, வந்து ஏறியதும் காலை அழுத்துகிறோம். வெப்பத்தில் முதலில் ஒரு மொடியூல் தளர்கிறது. அந்த ஒன்று மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

அப்போது என்ன செய்கிறோம்? அந்த ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். மிச்சம் 19உம் அதே வயது, அதே வெயில் தின்றவை. நாலு மாதத்தில் அடுத்தது போகிறது. பிறகு "ஹைபிரிட் சரியில்லை" என்கிறோம். விசிறியைக் கழற்றித் துடைக்க ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. அதைக் கேட்டுச் செய்விக்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்று. சாதாரண 12 வோல்ட் சின்னப் பெட்டரி பலவீனமானாலும் மீற்றரில் ஏதேதோ லைட்டுகள் எரியும். அதைப் பார்த்துப் பெரிய பெட்டரிக்குக் காசு கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். முதலில் சின்னதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எந்த வேகன்? எனக்குத் தெரிந்த நாலையும் சொல்கிறேன்.

டொயோட்டா ஃபீல்டர் ஹைபிரிட், 2013 முதல் வந்தது. 1500 எஞ்சின். இதில் கிளட்ச் தட்டு இல்லை, பெல்ட் கியர் இல்லை, தனியான ஸ்டார்ட்டர் மோட்டரும் இல்லை. தேய்கிற சாமான் குறைவு, பாகமும் அக்வா, எக்சியோவோடு பொது, அதனால் எந்த ஊரிலும் தேடி எடுக்கலாம். குறையும் இருக்கிறது. ஆறு பேரையும் சாமானையும் ஏற்றி மலை ஏறினால் எஞ்சின் கத்தும், வேகம் வராது. உயரம் குறைவு, மண் ரோட்டில் அடி தட்டும். காட்டலொக்கில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். இப்போது என்னிடம் இருப்பது இதுதான். ஊருக்குள் 16, நீண்ட ஓட்டத்தில் 20க்குக் கிட்ட.

ஹொண்டா ஷட்டில் ஹைபிரிட், 2015 முதல். இடம் தாராளம், ஓட்டத்தில் சுறுசுறுப்பு. ஆனால் இதன் கியர்பெட்டி ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளில் வந்த அதே இரட்டைக் கிளட்ச் வகை. 2013இல் வந்த முதல் ஃபிட் ஹைபிரிட் ஜப்பானிலேயே சுமார் ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டது. ஷட்டில் பிந்தி வந்ததால் பல திருத்தங்களோடு வந்தது. இருந்தாலும் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அந்தக் கிளட்ச் சூடேறும். வாங்குமுன் சந்தை நேரத்தில் ஊருக்குள் அரை மணித்தியாலம் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். வெட்டி இழுத்தால் திரும்பி வாருங்கள். ஜீப் மாதிரி எடு என்கிறவர்கள் காட்டுகிற வெசலிலும் இருப்பது இதே கியர்பெட்டிதான். உயரம் மட்டும்தான் கூட.

ஃபிட் ஷட்டில் ஹைபிரிட், 2011 முதல். விலை குறைவு. இதன் மோட்டர் சின்னது, எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும். வயதும் போய்விட்டது. பெட்டரிச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ப்ரியஸ் அல்ஃபா. பெரிய குடும்பத்துக்கு நல்ல இடம். ஐந்து சீட், ஏழு சீட் இரண்டும் உண்டு. ஐந்து சீட்டில் பெட்டரி பின்பக்கம், ஏழு சீட்டில் முன் இரண்டு சீட்டுக்கும் நடுவில், வகையும் வேறு. ஒன்றின் பெட்டரி மற்றதுக்குப் போகாது. இதன் 1800 எஞ்சினில் கவனிக்க வேண்டியது, புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் குழாய் கரி பிடித்து அடைவது. அதைக் கவனிக்காமல் விட்டால் ஹெட் கெஸ்கட் போகும். காலையில் குளிர்ந்த எஞ்சின் நடுங்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனால், கூலண்ட் குறைந்துகொண்டு போனால், அந்தக் காரைத் தொடாதீர்கள்.

நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடு என்று நான் சொல்லமாட்டேன். மோசமாக வைத்திருந்த ஃபீல்டரைவிட நன்றாக வைத்திருந்த ஷட்டில் நல்லது. பெயரை நம்பி வாங்குகிறவன் தெருவை நம்பி வாங்குகிறவனின் தம்பிதான்.

அப்ப எதை நம்புவது? பதிவை நம்புங்கள். ஜப்பான் ஓக்ஷன் ஷீட்டைக் கேளுங்கள். அதில் அன்றைய கிலோமீற்றர் இருக்கும், கார் அடிபட்டுத் திருத்தப்பட்டிருந்தால் ஆர் என்று தரம் போட்டிருக்கும். ஷீட்டில் உள்ளதைவிட இன்றைய மீற்றர் குறைவென்றால் பேச ஒன்றுமில்லை, எழும்பி வந்துவிடுங்கள். காலையில், எஞ்சின் தொடப்படாத குளிரில் போய்ப் பாருங்கள். "உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன்" என்கிறவரிடம் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

முக்கியமானது இது. ஸ்கேன் பண்ணும்போது "கோட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "கோட் அழித்து எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது?" என்று கேளுங்கள். கார் அந்தக் கணக்கைத் தனக்குள் வைத்திருக்கிறது. எண்ணாயிரம், பத்தாயிரம் என்று காட்டினால் பயமில்லை. முப்பது, நாற்பது என்று காட்டினால், நீங்கள் வரப்போகிறீர்கள் என்று தெரிந்து யாரோ துடைத்திருக்கிறார்கள். பெட்டரி அண்மையில் கழற்றியது என்று காரணம் சொல்வார்கள். இருக்கலாம். அப்படியென்றால் இருநூறு கிலோமீற்றர் ஓடவிட்டுத் திரும்ப ஸ்கேன் பண்ண விடுங்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு ஏற்றம் ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஸ்கேனரைக் கழற்றாமல் ஓட்டுங்கள். மொடியூல் சோடிகளின் வோல்ட் எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏற வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் அதுதான் உங்கள் அடுத்த செலவு.

காசுக் கணக்குக்கு வருவோம். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் குடும்பம். லீற்றருக்கு 10 ஓடும் காருக்கு 100 லீற்றர். 17 ஓடும் வேகனுக்கு 59. மிச்சம் 41 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 12,300 ரூபா. அதில் 5,000ஐ எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். ஐந்து வருடத்தில் 3 இலட்சம். பெட்டரி ஒரு நாள் போகும் என்பது தெரிந்த விஷயம், டயர் தேய்வதைப் போல. தெரிந்த செலவுக்குச் சேர்த்து வைக்காமல், அது வந்த அன்றைக்கு முஸீபத் என்று அழுவது எந்த ஊர் நியாயம்?

2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஒரு நல்ல ஹைபிரிட் வேகன் 340 கிலோமீற்றர் ஓடும். வரிசையில் இரவைக் கழித்த நாமே இன்றைக்கு "மைலேஜ் பார்க்கிறவன் கஞ்சன்" என்கிறோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு இன்னும் மோசம். புதுக் காரின் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டும் மனம் அடங்கவில்லை. வட்டி கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாலு அங்குல உயரத்துக்காக ஏழு வருட லீசிங்கில் கையெழுத்துப் போடுகிறோம்.

கடைசியாக, என் கதையின் மிச்சம். அந்தக் காருக்குச் செல் மாற்றினேன். நாலு மாதத்தில் திரும்ப லைட். விற்க முடிவு செய்தேன். கராஜ்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஸேர், கோடை அழிச்சுத் தாறன். ரெண்டு கிழமை வராது. அதுக்குள்ள கைமாத்திடுங்க."

ஒரு இரவு முழுக்க யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மூன்று இலட்சம் ரூபா ஒரு வாத்தியாருக்குச் சின்னக் காசில்லை. எனக்குச் செய்ததைத்தானே நானும் செய்யப் போகிறேன் என்று மனம் வழக்கறிஞர் மாதிரி வாதாடியது. சுபஹுக்கு எழும்பும்போது பதினெட்டு வளைவில் உம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் கண்ணில் நின்றது. அடுத்த காரில் வேறு யாருடைய உம்மாவோ இருப்பா.

வாங்க வந்தவரிடம் ஸ்கேன் தாளைக் கையில் கொடுத்தேன். மூன்று இலட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். ஊரில் "ஸேருக்கு யாவாரம் தெரியாது" என்றார்கள். தெரியாதுதான். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தது யாவாரிகளாக இருந்த ஒரு சமூகத்துக்குத்தான் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரே, விசிறியைத் துடைத்து நூறு காரைக் காப்பாற்றுங்கள். கோடைத் துடைத்து ஒரு குடும்பத்தை நடுரோட்டில் விடாதீர்கள். புரோக்கர் நானாமாரே, தெரிந்த குறையைச் சொன்னால் உங்கள் கொமிஷன் ஒரு தடவை குறையும். அதற்குப் பிறகு ஊரே உங்களைத் தேடி வரும்.

ஆசிரியர் அறைத் தம்பிக்கு: வேகனை எடுங்கள். உம்மாவின் சக்கர நாற்காலியும் போகும், பிள்ளைகள் பின்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள். பதினெட்டு வளைவு இறங்கும்போது கியரை பீக்குப் போடுங்கள், பிரேக் சூடேறாது. ஜனாஸா வண்டி என்று யாராவது சிரித்தால் சொல்லுங்கள், அந்த வண்டியில் எல்லாரும் ஒரு நாள் ஏறத்தான் வேண்டும், அதுவரைக்கும் உம்மாவை நேரத்துக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோக எனக்கு இது போதும் என்று.

கோட் அழித்த காரை வாங்கி ஏமாந்தவர்கள் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும்.