திரூரில் பிறந்த கூட்டுறவை டெல்லியில் உட்கார்ந்து ஓட்ட முடியாது!



ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் நடுவுல இருக்கிற திரூர்லதான் 1904-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. கூட்டுறவுக்குன்னு ஒன்றிய அரசு தனி அமைச்சகம் வெச்சது 2021 ஜூலையில!

2022-ல் 63,000 கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடி திட்டம் அறிவிச்சாங்க. வரவேற்கிறோம். கணக்கு வெளிப்படையானா நகைக்கடன் மோசடி குறையும்.

ஆனா பூந்தமல்லி, திருமழிசை பக்கம் வந்து பாருங்க. வயலெல்லாம் மனையாகுது. மிச்ச நிலத்துல வாய்வழிக் குத்தகைக்கு உழுறவர் பேர் அடங்கல்ல இருக்காது. அடங்கல் இல்லாம பயிர்க்கடன் கிடைக்காது. புது சாஃப்ட்வேர் வந்தாலும் அவர் பேர் அதுல ஏறாது.

2023 மாதிரி துணைவிதிப்படி சங்கங்கள் பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி உட்பட 25-க்கு மேற்பட்ட தொழில் செய்யலாமாம். ஏற்கெனவே கடன், உரம், ரேஷன்னு ஓடுற ஊழியர்கள் இதையும் எப்படிச் சுமப்பாங்க?

கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 97-வது திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாதுன்னு 2021 ஜூலை 20-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

நம்ம கோரிக்கை மூணு:
✅ குத்தகை விவசாயிக்கும் பயிர்க்கடன்
✅ புது வேலைக்குப் புது ஆள், அதுக்கான நிதி
✅ காலத்தோட சங்கத் தேர்தல்

டெல்லி பணம் கொடுக்கட்டும். சங்கம் என்ன செய்யணும்னு உறுப்பினர்கள் முடிவு பண்ணட்டும்.

உங்க ஊர் சங்கத்துல என்ன நிலைமை? கமெண்ட்ல சொல்லுங்க, பகிருங்க.

#கூட்டுறவு_மாநில_உரிமை